திருக்கோணமலைப் பழம்பட்டினமும் மனை கொள்ளலும்

நகரங்களின் வரலாற்றை எழுதப்புகுவோர் பெரும்பாலும் அரசர்களையும் கோட்டைகளையும் கடற்போர்களையுமே முதற்பொருளாகக் கொள்வர். திருக்கோணமலையைப் பற்றி எழுந்த நூல்களும் இதற்கு விலக்கல்ல. இயற்கைத் துறைமுகத்தின் ஆழம், அதனைக் கைப்பற்றப் பொருத ஐரோப்பிய வல்லரசுகள், கோணேசர் ஆலயத்தின் அழிவும் மீட்சியும் ஆகியன நம் மாணவர் நன்கறிந்த செய்திகளே. ஆயின் அத்துறைமுகத்தை அடுத்த தெருக்களில் மக்கள் எவ்வாறு மனை கொண்டனர், எவ்வுரிமையோடு அவற்றில் வாழ்ந்தனர், எம்முறையில் அவற்றைத் தம் மக்களுக்கு விட்டுச்சென்றனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இன்று பழம்பட்டினத்தில் ஒரு வீட்டை வாங்க விழையும் ஒருவருக்கு இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பன அல்ல; அவர்தம் வாழ்நாட் சேமிப்பு முழுவதும் இவற்றுக்குரிய விடையிலேயே தங்கியுள்ளது. ஆதலின் வரலாற்றின் துணைகொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்தாகும்.

முதலில் பட்டினத்தின் கிடக்கையை நோக்குவோம். கிழக்கே கடலினுள் நீண்டு நிற்கும் சுவாமிமலையும் அதனைச் சார்ந்த கோட்டையும், அவற்றுக்கு வடபால் பின்குடா, தென்பால் ஒல்லாந்தர் குடா, மேற்கே உட்டுறைமுகம். இருபுறமும் நீர் நெருக்கும் இந்நிலக்கழுத்தின்மீதே பழைய நகரம் அமைந்தது. இடம் ஒடுங்கியதாகலின் நகர் பரந்து செல்லவியலாது நெருங்கியே வளர்ந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, சந்தை, நீதிமன்றம், சுங்கம், மூதூருக்குப் படகேறும் இறங்குதுறை ஆகிய யாவும் ஒருவர் கால்நடையாகவே சென்று மீளக்கூடிய எல்லைக்குள் அமைந்தன. மகா சிவராத்திரியை அடுத்துக் கோணேசப்பெருமான் நகர்வலம் வருங்கால் வீட்டு வாயில்தோறும் நிறைகுடம் வைத்து மக்கள் எதிர்கொள்ளும் வழக்கமும், வீதியை நோக்கி வாயில்கள் நெருங்கி நிற்கும் இவ்வமைப்பினாலேயே சிறப்புறுகின்றது. நடந்து வாழ்வதற்கேற்ற நகரம் வேண்டுமென இக்காலத்து நகரமைப்பு அறிஞர் பல நாடுகளிலும் வற்புறுத்துகின்றனர். அவர் வரைபடத்தில் ஆக்க முயல்வதை நிலத்தின் அமைப்பும் மக்களின் தேவையுமாகச் சேர்ந்து இங்கு முன்னரே ஆக்கிவிட்டன எனலாம்.

இக்குடியிருப்பின் தொன்மைக்குச் சான்றுகள் உள. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் திருக்கோணமலைப் பதிகத்தில் கடலையும் மலையையும் மட்டும் பாடினாரல்லர்; குடிகள் நெருங்கிப் பெருகிய இடமாகவும் இத்தலத்தைக் குறிப்பிடுகின்றார். சோழர் காலத்து நிலாவெளிக் கல்வெட்டு, கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் நிவந்தமாக வழங்கப்பட்டமையைக் கூறுகின்றது. நிலத்தை அளந்து, உரியவர் யாரெனக் குறித்து, அதனைக் கல்லிலே பொறிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதை இதனால் அறிகின்றோம். பின்வந்த காலத்தில் கல்லின் இடத்தை ஓலையும், ஓலையின் இடத்தைக் கடுதாசியும் பெற்றன. உரிமையை எழுத்தால் நிலைநாட்டும் எண்ணம் மட்டும் மாறவில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டொன்றில் மட்டும் இத்துறைமுகம் இருமுறை கைம்மாறியது: சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர், ஓகத்தில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தனர். மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்த கோட்டை 1795 இல் பிரித்தானியர் வசமாயிற்று. கோட்டையின் உடைமை பீரங்கியால் மாறியபோதும், வெளியேயிருந்த குடிமனைகளின் உடைமை பெரும்பாலும் பழைய வழக்கங்களின்படியே சென்றது. கடலோர நாட்டைக் கைக்கொண்ட பிரித்தானியர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின்மூலம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டம் தொடர இடமளித்தனர். உரோமன் ஒல்லாந்தச் சட்டம் இன்றும் இந்நாட்டின் நில உரிமைக்கு அடிப்படையாக நிற்பது இதனாலேயாம். வீட்டை வாங்குவோன் அதிலுள்ள வாடகைக் குடியினனின் உரிமைக்கு உட்பட்டே வாங்குகின்றான் என்னும் பொருளில், ‘வாடகை விலைக்கு முந்தியது’ என்றொரு முதுமொழி ஒல்லாந்த நாட்டில் வழங்கியது. ஆட்கள் குடியிருக்கும் பழைய வீட்டை விலை பேசுவோர் அம்மொழியின் வலிமையை இன்றும் உணர்வர்.

துறைமுகப் பட்டினத்தின் மனை விலைக்கு ஒரு தனியியல்பு உண்டு. உழவர் ஊரில் நிலத்தின் மதிப்பை மழையும் குளமும் வகுக்கும். இங்கோ தொலைவிலுள்ள தலைநகரங்களின் முடிபுகளே வகுத்தன. 1833 இல் கீழ்மாகாணம் அமைந்தபோது அதன் தலைநகர் திருக்கோணமலையாயிருந்தது. 1870 இல் அத்தகுதி மட்டக்களப்புக்குச் சென்றது. 1905 இல் பிரித்தானியக் கடற்படை தன் தொழிற்றளத்தை இங்கு மூடிற்று. தொழிற்றளத்தையும் படையினரையும் நம்பி வாழ்ந்த கடைக்காரர், எழுத்தாளர், கைவினைஞர் முதலியோருக்கு அது பேரிழப்பாகும். 1920 களில் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் அமைக்கும் பணி தொடங்கியது. 1927 இல் புகையிரதம் வந்தது. பட்டினம் மீண்டும் தழைத்தது. 1942 இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியக் கீழைக் கடற்படைக்குத் திருக்கோணமலை இன்றியமையாததாயிற்று. அதே ஆண்டு ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு உள்ளூர்களுக்குச் சென்றனர். போர்க்காலத்தில் வீட்டுப் பஞ்சமும் வாடகையுயர்வும் நாடெங்கும் தோன்றியமையாலேயே 1942 இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் தன்மானத்துக்கு உகந்த அந்நிகழ்ச்சி, தளத்தில் ஊதியம் பெற்ற பல குடும்பங்களுக்கு வேலையிழப்பாகவும் அமைந்தமை மறுத்தற்கில்லை. 1988 இல் இணைந்த வடகிழக்கு மாகாணத்துக்கும், 2007 முதல் தனித்தியங்கும் கிழக்கு மாகாணத்துக்கும் இந்நகரே ஆட்சி மையமாகியது. அலுவலகங்கள் பெருகின, அவற்றுக்கு இடம் வேண்டியபோது பழம்பட்டினத்துப் பெரிய வீடுகள் சில வாடகைக்குச் சென்றன.

இவ்வேற்றத் தாழ்வுகளினூடே பட்டினம் பட்டினமாகவே நின்றது எதனால்? துறைமுகத்துக்கு வந்தோர் காலம் முடிந்ததும் சென்றனர். மனையை உடையோரோ நலிந்த காலத்திலும் இருந்தனர். கப்பல் வாராத ஆண்டிலும் சந்தைக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் நடந்து சென்றோர் அவர்களே. தெருவிலே கடையொன்று நிலைபெறுவதற்கும், பாடசாலையொன்றில் மாணவர் குறையாதிருப்பதற்கும், திருவிழாவுக்கு உபயகாரர் கிடைப்பதற்கும் நடக்குந் தொலைவில் குடியிருப்போர் வேண்டும். 1867 இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியும், 1897 இல் வேரூன்றிய இந்துக் கல்லூரியும், 1923 இல் பெண் மக்களுக்கென எழுந்த சண்முக வித்தியாலயமும் இத்தெருக்களின் பிள்ளைகளைக் கொண்டே வளர்ந்தன.

அவ்வீடுகளின் அமைப்பும் அவ்வாழ்வுக்கு ஏற்றதாகவே இருந்தது. வீதியோரத்தில் திண்ணை அல்லது விறாந்தை, அதன் பின்னே மண்டபமும் அறைகளும், நடுவிலோ பின்புறத்திலோ முற்றம், கோடிப்புறத்தில் கிணறு, தடித்த சுவர், சுண்ணச்சாந்து, ஓட்டுக்கூரை. கடற்காற்று முன்வாயிலாற் புகுந்து முற்றத்தால் வெளியேறும். திண்ணை வழிப்போக்கருக்கு நிழலாகவும் வீட்டாருக்குத் தெருவைக் காக்கும் கண்ணாகவும் உதவிற்று. இரு வீட்டுக்கு ஒரு மதில், சில வீட்டுக்கு ஒரு கிணறு, பின்வளவுக்குச் செல்ல ஒரு கையொழுங்கை எனப் பொதுவுரிமைகள் பல உண்டாயின. பழைய உறுதிகளில் நாற்றிசை எல்லைகளை அயலவர் பெயர்களாற் குறித்தபின், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது இதனாலேயாகும். அவ்வட்டவணையை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு தெருவின் அயலுறவு முழுவதும் அதிற் புலப்படும்.

இனி உரிமை கைமாறிய முறையை நோக்குவோம். கிழக்கிலங்கையில் மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்குதல் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையும் வேரூன்றிய வழக்கமாகும். மகள் தான் பிறந்த தெருவிலேயே இல்லறம் நடத்துவாள். பெற்றோர் அவ்வளவிலேயே வேறொரு பகுதியில் ஒதுங்குவர். குடியிருப்புத் தொடர்ச்சியை இவ்வழக்கம் காத்தது. ஆயின் சீதன உறுதி எழுதப்படாது பெற்றோர் இறந்த இடத்து, வீடு பிள்ளைகள் யாவருக்கும் பிரிபடாப் பங்குகளாகச் சென்றது. ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்தில் ஒன்று. அவர்தம் மக்களுக்கு இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. நான்கு பேர்ச் நிலத்திலுள்ள ஒரு வீட்டுக்கு இருபது உரித்தாளர் உளராயின், அதனைச் செப்பனிட முன்வருவார் யார்? ஓடு உடைந்து மழை ஒழுகும் வீடுகள் பலவற்றின் உண்மை நோய் கூரையில் இல்லை, உறுதியிலேயே உள்ளது.

இந்நாட்டில் நிலம் வாய்ச்சொல்லால் கைமாறாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் உடனிருக்கக் கையொப்பமிடப்படல் வேண்டும். உறுதிகளைப் பதிதற்கு 1863 இல் வழிவகுக்கப்பட்டது. இப்பொழுது 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் அதனை ஆள்கின்றது. இங்கே மக்கள் பலரும் மயங்குமிடம் ஒன்றுண்டு. காணிப் பதிவகம் பதிவது உறுதியையேயன்றி உரிமையை அன்று. உரிமையில்லாதான் எழுதிய உறுதி பதியப்பட்டமையால் மட்டும் நல்லுறுதியாகிவிடாது. உரிமையையே ஆராய்ந்து பதியும் முறை 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே தோன்றியது. ஆதலின் பழைய வீட்டை வாங்குவோர் இறுதி உறுதியோடு நில்லாது, முந்திய உறுதிகளைத் தொடர்ச்சியாகப் பின்னோக்கி ஆராய்தல் வேண்டும். ஈடோ ஒற்றியோ மீட்கப்படாது கிடக்கின்றதா, மரணசாதன வழக்கு நடைபெற்றதா, பழைய நிலவளவைப் படமும் இன்றைய மதில்களும் ஒத்துள்ளனவா என நோக்குதல் இன்றியமையாதது.

ஒருவர் நெடுங்காலம் தனியே குடியிருந்தமையால் முழுவீடும் அவருக்காயிற்று எனக் கூறி விற்க முயல்வதும் உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் பத்தாண்டு இடையறாத எதிரிடை ஆட்சிக்கு உரிமை வழங்குவது உண்மையே. ஆயின் சக உரித்தாளர் ஒருவரின் ஆட்சி ஏனையோர் சார்பான ஆட்சியாகவே கொள்ளப்படும் எனவும், அவர்களை வெளிப்படையாக விலக்கியமை காட்டப்பட்டாலன்றி அது எதிரிடையாகாது எனவும் கோமறைக் கழகம் 1911 இல், கொரேயா எதிர் இசேரிஸ் அப்புகாமி என்னும் வழக்கில் தீர்த்தது. ஊரில் இருந்த தம்பி வெளியூர் சென்ற தமையன் பங்கைக் காலத்தின் துணைகொண்டு மட்டும் விழுங்கிவிட இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். உடன்பிறந்தார் ஒருப்படாவிடின் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்குபிரிப்புச் சட்டப்படி வழக்காடுதலே எஞ்சும் வழி. அது காலத்தையும் பொருளையும் உண்ணும். எனினும் அதன் முடிவில் பிறக்கும் தீர்ப்பு உறுதியானது.

1911 இல் தமையன் சென்ற வெளியூர் புகையிரதம் எட்டும் தொலைவில் இருந்திருக்கலாம். 1983 க்குப் பின் நம்மவர் சென்ற வெளியூர்களோ கடல் கடந்தவை. போரும் கலவரமும் திருக்கோணமலையின் தமிழர், முஸ்லிம், சிங்களர் ஆகிய மூவினத்தாரையும் வெவ்வேறு காலங்களில் பெயர்த்தெறிந்தன. உறுதிகள் எரிந்தன; சாட்சிகள் இறந்தனர்; பூட்டிய வீடுகளிற் பிறர் குடிபுகுந்தனர். 2004 திசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை கரையோரத்தாரின் பத்திரங்களையும் வாரிச்சென்றது. அதனையடுத்து வடகிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை மீளக் கட்டுதலுக்குத் தடை விதிக்கப்பட்டு, மறு ஆண்டிலேயே அது தளர்த்தப்பட்டது. பூட்டிய வீட்டின்மேல் ஓடிய பத்தாண்டுக் கணக்கு நியாயமானதா என்னும் வினா பல்லாண்டு விடையின்றிக் கிடந்தது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமே அதற்கு ஒருவாறு விடையளித்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, போர்ச்சூழலால் தம் உரிமையை நாடமுடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என அது விதித்தது. ஆயின் அதன் பயனைப் பெற ஈராண்டுக்குள் வழக்கிடல் வேண்டுமென்ற எல்லையையும் வகுத்தது. தொலைநாட்டிலிருந்த பலருக்கு அச்செய்தி எட்டுமுன் அவ்வெல்லை கடந்திருத்தல் கூடும். எனவே ஆளில்லா வீடொன்றை மலிவாகக் கேட்டு வாங்குவோர், அம்மலிவின் காரணத்தை முதலில் வினவக்கடவர். சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறத்துக்கு ஒத்ததாகிவிடாது. ஒருவர் உயிருக்கு அஞ்சி விட்டகன்ற மனையை அவர் அறியாது வாங்குதல், எத்துணை உறுதியான உறுதியாலும் துடைக்கவியலாத குறையாகும்.

வெளிநாட்டுரித்தாளரிடமிருந்து முறையாக வாங்கும் வழியும் அடைபட்டிருக்கவில்லை. அவர் அற்றோணித் தத்துவம் வழங்கி ஊரிலுள்ள ஒருவர்மூலம் உறுதி முடிக்கலாம். தத்துவம் வழங்கியவர் இறப்பின் தத்துவமும் முடிவுறும். ஆதலின் உறுதி முடிக்கும் நாளில் அவர் உயிருடனுள்ளார் என்பதை அறிந்து கொள்ளுதல் கொள்வோர் கடன். தொலைபேசியில் அவருடன் ஒருமுறை நேரே பேசிவிடுதல் நூறு பத்திரங்களினும் நன்று.

பழம்பட்டினம் ஒன்றன் வீடுகள் விலையேறும்போது நேரும் பிறிதொரு விளைவையும் நோக்குதல் வேண்டும். காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. மதில்களும் வீதிகளும் பேணப்பட்டன. இடிந்த வீடுகள் அழகுறச் செப்பனிடப்பட்டன. இவை போற்றத்தக்கன. ஆயின் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல, கிடைத்த பெருவிலைக்கு வீடுகளை விற்று வெளியேறின; அவ்வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. நடப்பதற்கு இனிய தெருக்கள் அங்கு உள. அவற்றில் நடப்போருட் பலர் வந்து செல்வோரே. திருக்கோணமலைக்கு அந்நிலை இன்னும் நேரவில்லை. இங்குள்ள இடர் வேறு வகைத்து: சில வீடுகள் பூட்டியே அழிகின்றன; சில வீடுகள் இடிக்கப்பட்டுக் கடைத்தொகுதிகளாகின்றன. இருவழியிலும் முடிவு ஒன்றே. மாலை ஆறு மணிக்குக் கதவடைக்கும் கட்டிடங்கள் நிறைந்த தெருவில் இரவில் விளக்கெரியாது. விளக்கெரியாத தெருவில் பிள்ளைகள் நடவார்.

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஒதுக்கிவிடலாகாது. உப்புவெளியிலோ பாலையூற்றிலோ இதே பணத்துக்கு இருமடங்கு காணியும் புதுவீடும் கிடைக்கலாம். மோட்டார் வண்டி நிறுத்தவும் இடமிருக்கும். பழைய வீட்டுக்கு ஓடும் மரமும் ஆண்டுதோறும் செலவு வைக்கும். கரையோர மனையாயின் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுதற்கு அனுமதி பெறல் வேண்டும். இவை யாவும் மெய்யே. ஆயினும் கணக்கிடுவோர் மறுபக்கத்தையும் எழுதுதல் முறை. பாடசாலைக்கும் வைத்தியரிடத்துக்கும் சந்தைக்கும் நடந்து செல்லும் குடும்பம் ஊர்திக்கும் எரிபொருளுக்கும் செலவிடுவது சிறிது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில், நெடுவரிசையில் நாட்கணக்காகக் காத்து நின்றோர் இதன் பெறுமதியை நன்குணர்ந்தனர். முதுமையுற்ற தாய் துணையின்றிப் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்குச் சென்று மீளக் கூடுமாயின், அவ்வுரிமைக்கு விலை குறிப்பது எங்ஙனம்?

ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சிறு வணிகருமே முன்னாளில் இத்தெருக்களின் குடிகளாயிருந்தனர். அத்தகையோர் இன்று மீண்டும் இங்கு மனை கொள்ளுதல் அரிதாகி வருகின்றது. அதனை எளிதாக்குதற்கு மூன்று செயல்கள் உதவும். பெற்றோர் உயிருடனிருக்கும்போதே பங்குகளைத் தெளிவாக எழுதிவைத்தல் ஒன்று. வெளிநாட்டிலுள்ளோர் தம் பங்கை முடங்கவிடாது ஊரிலுள்ள உறவினருக்கோ குடியிருக்க விரும்புவோருக்கோ உரிய விலையிற் கொடுத்தல் இரண்டு. உள்ளூராட்சி மன்றம் பழம்வீடுகளைக் கணக்கெடுத்து, குடியிருப்பாகவே பேணுவோருக்கு வரிச்சலுகை அளித்தல் மூன்று. இவற்றுள் முதலிரண்டும் எவருடைய அனுமதியையும் வேண்டி நில்லாதன. இவ்வேட்டைப் படிக்கும் பழைய மாணவர் பலரது பெயர் இத்தகைய உறுதியொன்றில் இருபதிலொரு பங்குக்கு உரியதாய் இன்றும் நிற்கக்கூடும். அப்பங்கினால் அவருக்கு வரும் பயன் சிறிது; அதனை விடுவித்தலால் தெருவுக்கு வரும் பயன் பெரிது.

மாணவர்களுக்கு ஒரு சொல். வரலாற்று ஆதாரங்கள் நூல்நிலையத்திலும் அரும்பொருட் காட்சியகத்திலும் மட்டும் உள்ளன எனக் கருதற்க. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலுள்ள பழைய உறுதிகளைப் பெற்றோர் இசைவுடன் எடுத்துப் படியுங்கள். நாற்றிசை எல்லைகளிலுள்ள பெயர்களைக் குறித்துக் கொள்ளுங்கள். அவர்கள் யார், அவர் வழியினர் இன்று எங்குளர் எனப் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டறியுங்கள். ஒரு தெருவின் பத்து வீடுகளுக்கு இதனைச் செய்து முடிப்பின், கோட்டையை ஆண்டோர் வரலாற்றுக்கு இணையாக, பட்டினத்தில் வாழ்ந்தோர் வரலாறு ஒன்று நம் கைக்கு வரும். கறையானும் கடற்காற்றும் அக்கடுதாசிகளை நெடுங்காலம் விட்டுவையா. ஆதலின் அப்பணியை இவ்விடுமுறையிலேயே தொடங்குதல் நன்று.